நெல்லிக்காய் உருண்ட மத்தியானம்

சிரிப்பு வரப்போகிறது. சாதாரணச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து உருண்டு விழவைக்கிற சிரிப்பு. ஆனால் இப்போதே கேட்டால் கிடைக்காது. மூன்று மணி ஆகட்டும், அக்கா சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்க்கட்டும், ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி வந்து ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரட்டும், வலது கையை அந்த மௌஸின் முதுகில் வைக்கட்டும், அதற்கப்புறம் இருக்கிறது வேடிக்கை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுரபி கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் பதினோராம் வகுப்பு இயற்பியலை விரித்து வைத்து, ஒரு வரியும் படிக்காமல் காத்திருந்தாள். அவளுடைய பேன்ட் பையில் அந்த மௌஸின் பந்து இருந்தது, தொடையில் ஜில்லென்று பட்டது. ஊரில் எல்லோரும் மேசைமேல் இப்படியும் அப்படியும் இழுத்துத் தேய்க்கிறார்களே, அந்த மாதிரி மௌஸ் இல்லை இது. இருந்த இடத்தை விட்டு அசையாது. ஒரு பக்கமாகச் சாய்ந்த சின்னக் குன்று மாதிரி உட்கார்ந்திருக்கும். கையை அதன்மேல் படுக்கப் போட்டுவிட்டுக் கட்டைவிரலால் பக்கத்துக் குழியில் இருக்கும் சிவப்புப் பந்தை உருட்டினால் போதும், திரையில் அம்பு ஓடும். வயர் கிடையாது. மணிக்கட்டுக்கு வேலை கிடையாது. மகாராணி கை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அதைக் குப்புறப் போட்டு, அடியிலிருக்கும் ஓட்டையில் பென்சிலை நுழைத்து ஒரு தள்ளு தள்ளுவாள், பந்து துள்ளி வெளியே வரும், குழியில் சேர்ந்த அழுக்கைத் துடைத்துவிட்டு மறுபடி போடுவாள். பார்த்துப் பார்த்துச் சுரபிக்கும் அது வந்துவிட்டது. அக்கா அடுக்களையில் ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது பென்சில், ஓட்டை, ஒரு தள்ளு. இப்போது அந்தக் குழியில் இருப்பது ஊறுகாய்க்கென்று அம்மா வாங்கி வைத்த நெல்லிக்காய். நூலைச் சுற்றி அளவெடுத்து, ஒரு கிலோவில் ஒன்றே ஒன்று என்று பொறுக்கி எடுத்தது. சிவப்பு நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. அசல் பந்தில் உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாகப் பொன் புள்ளிகள் தெரியும் என்பதால் மேலே ஜிகினா பாலிஷ் ஒரு பூச்சு. காய்ந்ததும் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. செய்வதைத் திருந்தச் செய்கிறவள் சுரபி. யார் குரலைச் செய்தாலும் அவர்கள் நடுவில் விடுகிற மூச்சையும் சேர்த்துத்தான் செய்வாள்.

குழாய் நின்றது. செருப்பில்லாத கால் டைல்ஸில் ஒட்டி ஒட்டி வந்தது. நாற்காலி இழுபட்டது. அக்காவின் முதுகு, நடு முதுகில் விழுந்த பின்னல், இடது கையில் கறுப்பு வார் வாட்ச். "நாலு மணிக்குள்ள இந்த மாடி பிளானை அனுப்பணும்டி, நொய்நொய்னு வராத," என்றாள் மேகலா திரும்பாமலே. "நான் எங்க வந்தேன், நியூட்டன்தான் வந்திருக்காரு," என்றாள் சுரபி. வலது கை தூக்கப்பட்டது. இதோ. வைக்கப்பட்டது. இதோ இதோ. கட்டைவிரல் போய் உட்கார்ந்தது. சுரபி புத்தகத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டாள். இப்போது அம்பு நகராது, அக்கா தட்டிப் பார்ப்பாள், குனிவாள், தொடுவாள், எடுப்பாள், பிறகு அந்த அலறல், "ஏ குரங்கே!", அந்த ஏ-யை அக்கா எப்படி இழுப்பாள் என்று சுரபிக்குத் தெரியும், முதலில் தொண்டையில் ஏறி அப்புறம் மூக்கில் இறங்கும், எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு. கிளிக். கிளிக் கிளிக். திரையில் ஒரு கோடு விழுந்தது. சுவர். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு, கதவுக்கு விட்ட இடைவெளி, படிக்கட்டு, ஒவ்வொரு படியாக. அக்கா வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படி? சுரபி பையில் கைவிட்டுத் தடவினாள், பந்து இருந்தது. அப்படியானால் அங்கே உருள்வது நெல்லிக்காய்தான். நெல்லிக்காயை உருட்டிக்கொண்டு யாரோ ஒருவர் கட்டப்போகிற வீட்டுக்கு அக்கா படிக்கட்டு போட்டுக்கொண்டிருக்கிறாள். "என்ன இன்னைக்குக் கொஞ்சம் முரண்டு புடிக்குது," என்று முனகினாள், "நெட்டு ஸ்லோ போல," என்று அதற்கு அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். சுரபிக்கு மெதுவாகப் புரிந்தது, புரியப் புரியக் காது சூடானது. அந்தக் குழிக்குள்ளே ஒரு சென்சார் கண் இருக்கிறது, அது பந்தைப் பார்ப்பதில்லை, பந்தின் புள்ளிகள் ஓடுவதைத்தான் பார்க்கிறது. ஜிகினா. அவள் கை வைத்துப் பூசிய ஜிகினா. அதைக் கண்டு மயங்கிவிட்டது அந்தக் கண். வெறும் சிவப்போடு விட்டிருந்தால் இந்நேரம் கூத்து நடந்திருக்கும். கீழ்வீட்டு ராஜலட்சுமி அம்மாளின் குரலை முதன்முதலில் மாடிப்படியில் நின்று செய்தபோதும் இதேதான் நடந்தது, "தண்ணி மோட்டர யாரு போட்டது?" என்று இவள் கேட்க, அக்கா உள்ளேயிருந்து பயந்துபோய் "இதோ நிறுத்திடுறேங்க," என்று ஓடினாள், சிரிக்கவே இல்லை. குரல் கொஞ்சம் பிசகினால்தான் சிரிப்பு வரும். அச்சு அசலாக இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், பதில் சொல்வார்கள். இந்தப் பாழாய்ப்போன மௌஸும் நெல்லிக்காய்க்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கிளிக். கிளிக். அக்காவின் தோள் தளர்வாக இருந்தது. முன்பெல்லாம் இந்த நேரத்துக்குத் தோள் காதுவரைக்கும் ஏறியிருக்கும்.

முன்பெல்லாம் என்றால் நாற்பது நாளுக்கு முன்பு வரைக்கும். பழைய மௌஸை நாள் முழுக்க இழுத்து இழுத்து அக்காவின் வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம், சுண்டைக்காய் அளவில் ஒரு வீக்கம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ரேடியோவப் போடுடி," என்பாள். அதுதான் பேர். சுரபி இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயும் இரண்டு பல் பூண்டும் காய்ச்சி எடுத்து வந்து, நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, கையை மடியில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடுவாள். கண்ணை மூடினால்தான் குரல் வரும், மூடியதும் ஆள் முகம் வரும், முகம் வந்ததும் வாய் தானாக அப்படிக் கோணும். தண்ணீர் கேன்காரர், இயற்பியல் சார், பேருந்து நிலைய அறிவிப்பு, சீட்டைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்ட இரண்டு பாட்டிமார் ஒரே மூச்சில். விரல்கள் பாட்டுக்கு வீக்கத்தைச் சுற்றிச் சுற்றி வரும், வாய் பாட்டுக்கு ஊரைச் சுற்றும். அக்கா சிரிக்கும்போது அந்தச் சிரிப்பு முதலில் மணிக்கட்டுக்கு வரும். வாயில் சத்தம் வருவதற்கு முன்னாலேயே நரம்பு துடிக்கும், சுரபியின் கட்டைவிரலுக்கு அது முதலில் தெரிந்துவிடும். ஒன்றரை வருஷம். அந்தக் கை யாருடையது என்று கேட்டால் சுரபி சட்டென்று என்னுடையது என்றுதான் சொல்வாள், நடுவிரலில் பேனா காய்ப்பு, உள்ளங்கையில் கிளை பிரிகிற ரேகை, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். பிறகு சென்னையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. அனுப்பியது ரெஜினா. அக்கா வேலை பார்க்கும் ஆபீசின் டீம் லீடர், ஹெட்போனுக்குள்ளேயே குடியிருப்பவள், நேரில் யாரும் பார்த்ததில்லை. "ஹே மேகி, இத யூஸ் பண்ணிப் பாருடா, என் கை எப்படி இருந்துச்சு தெரியுமா, இப்ப பட்டு மாதிரி இருக்கு." மேகி. இருபத்தேழு வயதான ஒருத்தியை, மேகலா என்று வாய்நிறையக் கூப்பிட ஒரு பெயர் இருக்கும்போது. பெட்டியைத் திறந்ததும் உள்ளே குன்று. அக்கா அதன்மேல் கையை வைத்தாள், வைத்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அந்த மூச்சைச் சுரபி ஒன்றரை வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. கை அதற்குள் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது, உள்ளங்கைக்கு ஒரு பள்ளம், கட்டைவிரலுக்கு ஒரு திண்டு, அளவெடுத்துச் செய்த மாதிரி. பத்தாவது நாள் வீக்கம் வற்றிவிட்டது. பன்னிரண்டாவது நாள் சுரபி கரண்டியோடு வந்து நின்றபோது, "வேண்டாம்டி, வலி இல்ல," என்றாள் அக்கா, எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். எண்ணெய் கரண்டியிலேயே ஆறிப்போயிற்று. அதை மறுபடி புட்டியில் ஊற்றும்போது பூண்டு ஒன்று புட்டி வாயில் சிக்கிக்கொண்டது, இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பிளாஸ்டிக் குன்றின்மேல் பொறாமைப்படுகிற ஆள் உலகத்தில் இருக்க முடியுமா? ராஜலட்சுமி அம்மாள் குரலில் கேட்டுப் பார்த்தாள், "ஏன் பாப்பா, பொழுது போகலையா?" சார் குரலில், "மௌஸுக்கும் உனக்கும் இடையே உள்ள ஈர்ப்பு விசை என்ன?" இல்லை, மௌஸ் இல்லை, ரெஜினா. இல்லை, ரெஜினாவும் இல்லை, போன புதன்கிழமை. அங்கேதான் வந்து வந்து மாட்டிக்கொள்கிறது. புதன்கிழமை சாயங்காலம் அக்கா ஹெட்போனில் ரெஜினாவிடம் பேசிக்கொண்டிருந்தாள், சுரபி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள், அக்கா சொன்னாள், "வலி சுத்தமா போயிடுச்சு ரெஜினா. வீட்ல ஒரே அமைதி." அவ்வளவுதான். அதற்குமேல் வேலையைப் பற்றிப் போய்விட்டாள். ஒரே அமைதி. எப்படிச் சொன்னாள்? தலைவலி விட்ட மாதிரியா? அப்பாடா, அந்த வாய் ஓய்ந்தது என்கிற மாதிரியா? குரல் மேலே போயிற்றா, கீழே வந்ததா? யார் எதைச் சொன்னாலும் ஒருதரம் கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்கிற சுரபிக்கு இந்த இரண்டு வார்த்தை மட்டும் வரமாட்டேன் என்கிறது. குளிக்கும்போது சொல்லிப் பார்த்தாள், ஸ்கூல் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துச் சொல்லிப் பார்த்தாள், ஒவ்வொரு முறையும் அது அக்கா குரலில் வராமல் தன் குரலில்தான் வந்தது, அதுவும் அழுகிற மாதிரி. அப்படியானால் இந்த ஒன்றரை வருஷமும் அக்கா சிரித்தது கை அவள் மடியில் மாட்டிக்கொண்டிருந்ததால்தானா? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேசினால் எழுந்து போக முடியாமல் தலையாட்டுவோமே, அந்த மாதிரியா? நீங்கள் தொடர்புகொள்ள விரும்பும் அக்கா தற்போது வேறொரு அழைப்பில் இருக்கிறார், தயவுசெய்து காத்திருக்கவும் அல்லது சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும். கிளிக். கிளிக். திரையில் குளியலறை முளைத்தது.

மூன்று இருபது. சிரிப்பு இன்னும் வரவில்லை, பயம்தான் வந்தது. நெல்லிக்காய் என்ன இருந்தாலும் காய். அழுத்த அழுத்தச் சாறு விடும். சாறு அந்தக் கண்ணுக்குள் இறங்கும். மௌஸ் செத்துவிடும், நாலு மணி பிளான் போகாது, அக்கா திட்டுவாள், திட்டினால் பரவாயில்லை, திட்டாமல் இருந்துவிட்டால்? "பரவால்ல விடு," என்று சொல்லி ரெஜினாவுக்கு ஃபோன் போட்டால்? ரெஜினா இன்னொன்று அனுப்புவாள், இதைவிடப் பெரிய குன்று. எழுந்து போய்ச் சொல்லிவிடலாம். காலை ஊன்றினாள். ஆனால் மௌஸ் செத்தால் பழைய மௌஸ் வரும். அது அலமாரியில் வயரைச் சுற்றிக்கொண்டு எலிக்குஞ்சு மாதிரி படுத்திருக்கிறது. பழைய மௌஸ் வந்தால் வீக்கம் வரும். வீக்கம் வந்தால். சுரபி காலை மேலே இழுத்துக்கொண்டாள். யார் நினைத்தது அதை? கை வலிக்கட்டும் என்று யாரோ மனசுக்குள் சொன்னார்கள். சார் குரலில் சொல்லிப் பார்த்தாள், கை வலிக்கட்டும். கேன்காரர் குரலில், கை வலிக்கட்டும் பாப்பா. பேருந்து நிலைய அறிவிப்பில், பயணிகளின் கனிவான கவனத்திற்கு, மேகலா அவர்களின் வலது கை வலிக்கட்டும். எல்லார் குரலுக்கும் பொருந்தியது. தன் குரலில் மட்டும் சொல்லிப் பார்க்கவில்லை. சொல்லிப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, அது ஏற்கெனவே அந்தக் குரலில்தான் இருந்தது. தான் எவ்வளவு கேவலமான பிறவி என்று ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தாள். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருதரம் டக் என்றது. சிரிப்பதற்காகச் செய்ததா இது? நூலெடுத்து அளந்தபோது சிரிப்பு இருந்தது, நிச்சயமாக இருந்தது, பாலிஷ் பூசியபோதும் இருந்தது. பென்சிலை நுழைத்துத் தள்ளிய அந்த ஒரு நொடியில் மட்டும் அது என்னவோ வேறு மாதிரி இருந்தது, கண்ணைக் குத்துகிற மாதிரி.

"சுரபி." அக்கா கூப்பிட்டாள். கட்டைவிரல் நின்றிருந்தது. தெரிந்துவிட்டது. சுரபி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என்னக்கா?" "கை வலிக்குதுடி." சட்டென்று ஒன்றும் கேட்காமல் போன மாதிரி இருந்தது, விசிறி டக் என்றதுகூட. "என்ன?" "கை வலிக்குதுன்னேன். செவிடா? எண்ணெய் காய்ச்சி எடுத்துட்டு வா." "இன்னும் ஆறு மணி ஆகலையே." "வலி மணி பார்த்தா வரும்?" சுரபி அடுக்களைக்குப் போன வேகத்தில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். நெல்லிக்காய்தான். கோணல்மாணலாக உருள்கிற காயோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அக்காவின் கை மறுபடி வலிக்க ஆரம்பித்துவிட்டது. நான்தான் வலிக்கவைத்தேன். சந்தோஷம் கிடுகிடுவென்று ஏறியது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வெட்கமும் ஏறியது, இரண்டையும் பிரிக்க முடியவில்லை, எண்ணெய்க்குள் பூண்டு பொரிகிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்று சடசடத்தது. புட்டி வாயில் சிக்கிய பழைய பல்லையும் கத்தியால் நெம்பிக் கரண்டியில் போட்டாள். ஹாலில் வாட்ச் வார் பிரிகிற கறக் சத்தம் கேட்டது, மேசையில் எதையோ வைக்கிற சத்தம் கேட்டது. சொல்லிவிட வேண்டும். தேய்த்து முடித்ததும் சொல்லிவிட வேண்டும். தேய்க்கிறவரைக்கும் மட்டும் இருக்கட்டும்.

அக்கா நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிருந்தாள். கை கீழே தொங்கியது. சுரபி தரையில் உட்கார்ந்து அதை மடியில் வாங்கிக்கொண்டாள், எண்ணெயின் சூட்டைத் தன் கையில் ஒருதரம் பார்த்துவிட்டு ஊற்றினாள், கண்ணை மூடினாள். "ரேடியோ?" என்றாள் அக்கா மேலேயிருந்து. கேன்காரரை எடுத்தாள், சுமாராக வந்தது. ராஜலட்சுமி அம்மாள் வந்தார், "மாடியில யாரு மத்தியான நேரத்துல பூண்டு காய்ச்சறது, எங்க வீட்டுப் பூனைக்குத் தும்மல் வருது," என்றார். மணிக்கட்டில் நரம்பு துடித்தது. சுரபிக்கு அது தெரிந்துவிட்டது, அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. சார் வந்தார், பேருந்து நிலையம் வந்தது, நீங்கள் தொடர்புகொள்ள விரும்பும் அக்கா தற்போது வேறொரு அழைப்பில் இருக்கிறார் வந்தது, அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வேகத்தில், இத்தனை நாள் பல்லுக்குப் பின்னாலேயே பூட்டி வைத்திருந்ததையும் எடுத்துவிட்டாள், "ஹே மேகி, சிக்ஸ் ஓ கிளாக் உன் தங்கச்சி உன் கையப் புடிக்கிறாளாமே, அவளுக்கு ஒரு கஸ்டமர் கேர் நம்பர் வெச்சுக் குடுடா." "ஐயோ, அப்படியேடி! அப்படியே ரெஜினாடி! பாவம்டி அவ, நல்லவடி," என்று அக்கா குலுங்கினாள், குலுக்கல் கை வழியே இறங்கிச் சுரபியின் மடிவரைக்கும் வந்தது. விரல்கள் சுற்றிச் சுற்றித் தேய்த்தன. வீக்கம் எங்கே, இன்னும் சரியாகக் கைக்கு அகப்படவில்லை, எண்ணெய் வழுக்குகிறது, இதோ எலும்பு, இதோ, இங்கேதான் இருக்க வேண்டும். கிளிக்.

சுரபி தேய்ப்பதை நிறுத்தவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. கிளிக் என்று கேட்டதே. கிளிக் கிளிக். அக்காவின் கை தன் மடியில் இருக்கிறது. அப்படியானால் எந்தக் கை அது? நடுவிரலைத் தடவினாள். பேனா காய்ப்பு இல்லை. வழவழவென்று இருந்தது. கண்ணைத் திறந்தாள். மணிக்கட்டைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வெயில் படாத வெளுப்பு, வாட்ச் வார் இருந்த இடம், வாரின் தையல்கூடத் தோலில் பொடிப்பொடியாகப் பதிந்திருந்தது. இடது கை. வலிக்கவே வலிக்காத கை. ஜென்மத்தில் ஒரு மௌஸைத் தொடாத கை. பத்து நிமிஷமாகச் சுரபி அதைத்தான் உருவிக்கொண்டிருக்கிறாள், மேலே அக்கா வலது கையால் சாவகாசமாகப் பிளானை முடித்துக்கொண்டிருக்கிறாள், கன்னத்தில் சிரிப்பின் மிச்சம் இன்னும் இருந்தது. ஒரே அமைதி. சுரபி உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். வந்துவிட்டது. கடைசியில் கொஞ்சம் தொங்குகிறது அது, பார்த்துக்கொண்டிருந்த டிவி மின்சாரம் போனதும் நிற்குமே, அதைக் குறையாகச் சொல்கிற மாதிரி. வீட்ல ஒரே அமைதி. அச்சு அசல் அக்கா. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் பையிலிருந்த பந்தை வெளியிலிருந்தே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இனி அது எதற்கு, கொடுத்துவிடலாம், இந்த நிமிஷமே கொடுத்துவிடலாம். "அக்கா, கொஞ்சம் கையை எடேன்." "இதுக்கு மேலயும் நல்லா தேயி, இன்னும் வலிக்குது," என்றாள் அக்கா அதிகாரமாக. "இந்தக் கை இல்லக்கா. அந்தக் கை." கிளிக் நின்றது. மேகலா கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். நுனியில் சிவப்பு, ஜிகினா, ஈரம். மூக்கருகில் கொண்டுபோனாள். ஒரு கண் சுருங்கியது. குனிந்து பந்தைப் பார்த்தாள், உரிந்த பாலிஷுக்கு அடியில் அது பச்சையாக அவளைப் பார்த்தது, பிறகு மடியில் கிடக்கும் தன் இடது கையைப் பார்த்தாள், அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தாள், தொண்டையில் ஏறி மூக்கில் இறங்கப்போகும் அந்த "ஏ" அவள் வாயில் மெல்லத் திரண்டது.